கழுவுவதும் மாற்றுவதும்

நம் கவிதைகளில் இயந்திரம் நிறைய வருகிறது. இயந்திரத்தின் உறுப்புகள் வருவதில்லை. ‘இயந்திரம்’ என்ற ஒற்றைச் சொல், மனிதனை நசுக்கும் ஏதோ ஒன்றுக்குப் பெயராக, நகரத்துக்கும் அலுவலகத்துக்கும் சலிப்புக்கும் சேர்த்து ஒரே குறியாக, வரிக்கு வரி வந்து போகிறது. அதில் நட்டு கிடையாது, வாஷர் கிடையாது, எண்ணெய் வாசனை கிடையாது. மரம் என்று ஒருவர் எழுதினால் என்ன மரம் என்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். இயந்திரம் என்று எழுதினால் என்ன இயந்திரம் என்று கேட்பதில்லை. இந்த விஷயம் வெகுநாட்களாக மனதில் கிடந்தது. இப்போது எழுதத் தூண்டியவை ஒரு பழைய அம்பாஸிடர் டீசல் காரின் நான்கு நாசில்கள்.

நாசில் என்பது பட்டறைச் சொல். இன்ஜெக்டர் என்றாலும் புரிந்துகொள்வார்கள்; ஆனால் அப்படிச் சொல்கிறவரைக் கொஞ்சம் வேறுமாதிரி பார்ப்பார்கள். கறாராகச் சொன்னால் முழு உறுப்புக்குப் பெயர் இன்ஜெக்டர், அதன் நுனியில் மாட்டியிருக்கும் சிறு துண்டுதான் நாசில். எஃகு உடம்பு, உள்ளே ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் ஓர் ஊசி. பம்பிலிருந்து டீசல் அழுத்தத்தோடு வந்து ஊசியின் தோளில் முட்டுகிறது. அந்த அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தை மீறியதும் ஊசி எழும்பி வழிவிடுகிறது. அழுத்தம் தணிந்ததும் மறுபடி தன் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறது. வேலை இவ்வளவுதான். ஆனால் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு நாசிலும் 1,000 தடவை இதைச் செய்தாக வேண்டும். ஒரு தடவைக்கு வெளியேறும் டீசல், முழுப் பாரம் இழுக்கும்போதுகூட, ஏறக்குறைய ஒரு சொட்டில் பாதி. அந்தப் பாதிச் சொட்டைப் பனிபோல உடைத்துத் தூவ வேண்டும். சொட்டாகவே விழுந்தால் சரியாக எரியாது. எரிந்த மட்டில் கரியாகும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்தில் நெருக்கினால் அது தானாகவே 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தூவிய எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் தன் கருத்துக்கு 1892ல் காப்புரிமை கேட்டார். 1897ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் அவருடைய எஞ்சின் பரிசோதிக்கப்பட்டபோது, எண்ணெயில் உள்ள சக்தியில் கால் பங்குக்குச் சற்று மேலாக வேலையாக மாற்றிக் காட்டியது. அந்த நாளில் அது பெரிய சாதனை. ஆனால் எண்ணெயை உள்ளே செலுத்த அவருக்கு அழுத்தப்பட்ட காற்று தேவைப்பட்டது. காற்றை அழுத்த ஒரு தனிக் கம்ப்ரஸர். அந்தச் சுமையோடு எஞ்சின் தொழிற்சாலையிலும் கப்பலிலும் நின்றதே தவிர தெருவுக்கு வர முடியவில்லை. 1913ல் கப்பல் பயணம் ஒன்றில் டீசல் காணாமல் போனார். ராபர்ட் போஷ் டீசல் பம்பு செய்வதென்று 1922ல் தீர்மானித்தார். 1927ல் அது தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவரத் தொடங்கிய பிறகுதான் டீசல் லாரி பரவலாயிற்று. டீசலில் ஓடும் கார் விற்பனைக்கு வந்தது 1936ல். கருத்து கிடைத்த பிறகும் முப்பத்தைந்து வருஷம், எண்ணெயைச் சரியான அளவில் சரியான நொடியில் தூவும் சின்னச் சாதனத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்று தோன்றுவதும் அது வடிவம் கொள்வதும் வேறு வேறு என்று நாம் நம் கூட்டங்களில் பேசிக்கொள்வதற்கு இது கெட்டியான சாட்சி.

எங்கள் கார் 1992ல் வாங்கியது. அண்ணன் அதைச் சங்ககிரியில் 2011 வரை வாடகைக்கு ஓட்டினார். எஞ்சின், இங்கிலாந்தில் பிஎம்ஸி கம்பெனி வடிவமைத்த 1489 சிசி டீசல். காரைச் செய்த உத்தர்பாரா ஆலை 2014ல் நின்றுபோயிற்று. மீட்டரில் ஐந்து இலக்கம்தான். நான்கு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. 4,10,000 கிலோமீட்டர் என்பது அண்ணனுடைய நோட்டுக் கணக்கு. ஆயில் மாற்றிய தேதி, டயர், பாட்டரி, எந்த ஊரில் பங்க்சர் எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. நாசில் கடைசியாக மாற்றியது 2006ல். அதற்குப் பிறகு ஓடியது 1,60,000 கிலோமீட்டர். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு ஊசியும் சுமார் 19 கோடி தடவை எழும்பி உட்கார்ந்திருக்கிறது. இதற்குப் பிறகும் தேயாமல் இருக்க வேண்டும் என்று எந்த உலோகத்தையும் கேட்க முடியாது.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் சேலத்தில் டயாலிஸிஸ். முதல் ஷிப்ட் காலை ஆறு மணி. எங்கள் ஊரிலிருந்து 38 கிலோமீட்டர். நாலேமுக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும். நேரம் தவறினால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி இடம் கிடைக்கும்வரை உடம்பில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும்; படுத்தால் மூச்சு முட்டும். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் வேறு வண்டி கிடைப்பது அபூர்வம். சென்ற மார்கழியில் இரண்டு காலை கார் லேசில் கிளம்பவில்லை. ஹீட்டர் போட்டுக் காத்திருந்து செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகைதான் வந்தது. எரியாத டீசல், கண் எரிந்தது. ஒரு சிலிண்டர் பிடித்து, இன்னொன்று பிடித்து, மற்ற இரண்டும் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொள்ளப் பத்து நிமிஷம் ஆயிற்று. அண்ணன் பின் ஸீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். “ரெண்டும் நாலும் பிடிக்கலடா” என்றார்.

சென்னையிலிருக்கும் அண்ணன் மகன் போனில், “சித்தப்பா, அதை இரும்பு வெலைக்குப் போட்டுடுங்க. நான் வேற வண்டி எடுத்துத் தர்றேன்” என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அண்ணனிடம் சொன்னேன். அவர், “முதல்ல என்னன்னு பாரு. அப்பறமா இரும்புக்குப் போடலாமா வேண்டாமான்னு பேசலாம்” என்றார். நோய்க்காரர் ஒருவர் சொன்னதாக அல்ல, முப்பது வருஷம் ஸ்டீரிங் பிடித்தவர் சொன்னதாகவே நான் அதை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மெக்கானிக் நாசிலில் கை வைக்குமுன் மற்றவற்றைப் பார்த்தார். பாட்டரி சரி. ஹீட்டர் பிளக் நான்கும் சிவக்கின்றன. கம்ப்ரஷன் வயசுக்கு மோசமில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு நாசிலுக்கு வரும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். வேலை செய்யும் சிலிண்டருக்கு டீசல் போகாமல் தடுத்தால் எஞ்சின் தடுமாறும்; ஏற்கனவே வேலை செய்யாததைத் தடுத்தால் சத்தத்தில் மாற்றம் இராது. ஒன்றில் எஞ்சின் நன்றாகவே தடுமாறிற்று. மூன்றில் கொஞ்சம். இரண்டிலும் நாலிலும் எந்த மாறுதலும் இல்லை. பின் ஸீட்டிலிருந்து அண்ணன் காதால் சொன்னதை மெக்கானிக் ஸ்பானரால் உறுதிப்படுத்தினார்.

சங்ககிரி லாரி ஊர். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்ற இந்த வட்டாரத்தில் லாரி, டேங்கர், போர்வெல் ரிக் எல்லாம் டீசலில் ஓடுகிறவை. டீசல் பம்பும் நாசிலும் மட்டும் பார்க்கும் பட்டறைகள் தனியாக உண்டு. கார் மெக்கானிக் நாசிலைக் கழற்றுவார், மாட்டுவார், பிரிக்க மாட்டார். பிரிப்பது பம்புக்காரர். நாங்கள் போன பம்புக்காரரின் பட்டறையில் முதலில் என் கண்ணில் பட்டது சுத்தம். மற்ற இடங்களில் காணும் கரித்துணி இங்கே இல்லை. துணியே கிடையாது, ஒரு நூலிழை ஊசியோடு உள்ளே போனால் காரியம் கெட்டுவிடும். செருப்பை வாசலில் விடச் சொன்னார். தட்டு நிறையச் சுத்தமான டீசல், ஒரு பித்தளை பிரஷ், சீவிய மரக்குச்சிகள், தலைமயிர் போன்ற கம்பிகள். மேஜை மேல் நாசில் டெஸ்டர்: ஒரு கை லீவர், ஒரு மீட்டர், கீழே தூவல் விழ ஒரு கண்ணாடிக் குடுவை.

அவர் பார்த்தவை ஐந்து. நாசில் எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பது முதலாவது. இந்த மாதிரி எஞ்சின்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கும் 150 கிலோவுக்கும் இடையில் ஓர் எண்ணைக் குறித்திருப்பார்கள். நம் கார் டயரில் இருப்பது இரண்டு கிலோ. இரண்டாவது, திறக்கும்போது எழும் சத்தம். ஊசி தடையில்லாமல் துள்ளி உட்கார்ந்தால் ‘கிர்ர்’ என்று ஓர் அதிர்வு வரும். மூன்றாவது தூவலின் வடிவம்: நேரான மெல்லிய கூம்பாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் கோணக்கூடாது, நீர்க்கோடாக ஓடக்கூடாது. நாலாவதாக, அழுத்தத்தைத் திறக்கும் எண்ணுக்குச் சற்றுக் கீழே பத்து விநாடி நிறுத்திப் பார்த்தார். நுனியில் சொட்டுத் திரளக்கூடாது. கடைசியாக, லீவரை விட்டபின் மீட்டர் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது. வேகமாக இறங்கினால் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே டீசல் பின்னால் கசிகிறது. குனிந்து பார்த்த என்னைக் கையால் தடுத்து, “கிட்ட கை கொண்டுபோகாதீங்க வாத்தியாரே, தோலைத் தொளச்சுக்கிட்டு ரத்தத்துல போயிரும்” என்றார். மிகையில்லை. தூவலின் வேகம் தோலைத் துளைக்கப் போதுமானது. துளைத்தது தெரிவதற்குள் விரலே போய்விடக்கூடும்.

எந்தக் கம்பெனி நாசில், என்ன விலை, யார் மாட்டியது என்று அவர் கேட்கவில்லை. எத்தனை வருஷம் ஓடியது என்றுகூடக் கேட்கவில்லை. அண்ணன் நோட்டைப் பிரித்தபோது, “அதெல்லாம் இது சொல்லீரும்ணே” என்று லீவரைத் தட்டினார். பெயர் பெற்ற கம்பெனியின் புது நாசிலையும் இதே டெஸ்டரில் அழுத்திப் பார்த்த பிறகுதான் மாட்டுவாராம். நாம் ஒரு கவிதைத் தொகுதியைக் கையில் எடுத்ததும் ஆரம்பிப்பது பெரும்பாலும் அவர் கேட்காமல் விட்ட கேள்விகளிலிருந்து. யார் போட்டது, யார் முன்னுரை, முந்திய தொகுதி எப்படி. லீவரை அழுத்தித் தூவலைப் பார்ப்பது கடைசியில் நடக்கிறது. பல சமயம் நடப்பதில்லை.

நான்கு நாசிலிலும் ஒரு பொதுவான கோளாறு இருந்தது. அதைப் புரிந்துகொள்ள இந்த எஞ்சினின் ஓர் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். டீசல் நேராக பிஸ்டன் மேல் விழுவதில்லை; பக்கத்தில் ஒரு சிறிய உருண்டை அறையில் விழுகிறது. சுழலும் காற்றில் எண்ணெய் நன்றாகக் கலக்கட்டும் என்று இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ வகுத்த முறை. சூடான எஞ்சினில் இது பிரமாதம். குளிர்ந்த எஞ்சினில் அந்த அறையின் சுவரே சூட்டைக் குடித்துவிடும். அதனால் நாசிலின் நுனியில், நடுத்துளைக்குப் பக்கத்தில், சாய்வாக ஒரு துணைத் துளை வைத்தார்கள். செல்ஃப் மோட்டார் எஞ்சினை மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் மெதுவாக ஏறும். ஊசி கொஞ்சமாகவே எழும்பும். நடுத்துளை இன்னும் அடைந்தாற்போல் இருக்கும். அப்போது டீசலில் பெரும்பகுதி துணைத் துளை வழியாக, அறையின் மிகச் சூடான இடத்தை நோக்கிப் போகிறது. எஞ்சின் பிடித்து வேகமெடுத்ததும் ஊசி முழுவதும் எழும்பி, ஏறக்குறைய எல்லா டீசலும் நடுத்துளை வழியாகப் போகத் தொடங்கும். துணைத் துளைக்குக் கிட்டத்தட்ட வேலை முடிந்தது. நாளெல்லாம் வேலையில்லாத துளையில் கரி படிவது சுலபம். அது அடைபட்டால் பகலில் யாருக்கும் தெரியாது. கார் சேலம் போகும், ஏற்காடு மலைகூட ஏறும். விடியற்காலை ஒரு தடவை மட்டும் தெரியும். எங்களுக்குக் காரால் ஆகவேண்டிய காரியம் அந்த ஒரு தடவையில்தான் இருந்தது.

இதைக் கழுவலாம். பம்புக்காரர் ஒரு நாசிலைப் பிரித்து, ஊசியை உருவி, டீசலில் நனைத்து, பித்தளை பிரஷ்ஷால் வெளிக்கரியைத் தேய்த்து, துளைக்குள் மயிர்க்கம்பியை விட்டுச் சுழற்றினார். எஃகையும் உப்புத்தாளையும் கிட்டவே சேர்க்கவில்லை. ஊசியின் பளபளப்பான உடம்பை விரலால் தொடவுமில்லை. வியர்வை பட்டால் அரித்துவிடும் என்று அதன் வாலைப் பிடித்தே எடுத்தார். பிறகு ஊசியைக் கூட்டுக்குள் வைத்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, விட்டார். நல்ல ஊசி தன் எடையால் தானாக, நிதானமாக உள்ளே இறங்க வேண்டும். ஒன்றாம் நாசிலின் ஊசி அப்படி இறங்கிற்று. அந்த நிதானத்தைப் பார்ப்பது ஓர் அனுபவம்.

ஊசிக்கும் கூட்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு. தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒன்று என்று சொல்லலாம். அந்த இடைவெளியில் புகும் டீசலே ஊசிக்கு மசகு. வேறு எண்ணெய் கிடையாது. இவ்வளவு நெருக்கம் வரவேண்டுமென்றால் ஊசியையும் கூட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சேர்த்தே இழைக்க வேண்டும். அதனால் ஒரு கூட்டின் ஊசி இன்னொரு கூட்டுக்கு ஆகாது. இறுகும், அல்லது கசியும். நான்கையும் ஒரே தட்டில் பிரித்துப் போட்டால் நான்கும் வீண். பம்புக்காரர் ஒன்றைப் பிரித்து, கழுவி, சேர்த்து மூடிய பிறகே அடுத்ததைத் தொட்டார்.

கழுவியபின் நான்கையும் மறுபடி டெஸ்டரில் வைத்தார். ஒன்று, திறக்கும் அழுத்தம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது, மற்றதெல்லாம் சரி. இரண்டு, சொட்டிற்று, ஊசி உட்காரும் விளிம்பு அடிபட்டு அகன்றுவிட்டது. மூன்றில் தூவல் அழகாக இருந்தது, ஆனால் முள் சரசரவென்று இறங்கிற்று; ஊசியின் உடம்பு தேய்ந்து பின்னால் கசிகிறது. நாலில் இரண்டு குறையும் இருந்தன.

“கழுவியே ஓட்டீரலாமாப்பா?” என்றார் அண்ணன்.

“டிரைவரண்ணே, மேல ஒட்டுனது கழுவுனா போகும். தேஞ்சது கழுவுனா வருமுங்களா?”

கடைகளில் டீசல் டாங்கில் ஊற்றும் மருந்துப் புட்டிகள் விற்கிறார்கள். நாசிலைக் கழற்றாமலே சுத்தமாக்கும் என்று மேலே எழுதியிருக்கும். அதைப் பற்றியும் கேட்டேன். லேசான படிவு இருந்தால் கரைக்கும், அதோடு சரி என்றார். வெளியிலிருந்து வந்து சேர்ந்தது ஒன்று. தன்னிலிருந்தே போய்விட்டது இன்னொன்று. புகையாக வெளியே தெரியும்போது இரண்டும் ஒரே மாதிரிதான். சுத்தம் செய்வது முதலாவதற்கு வைத்தியம். எவ்வளவு சிரத்தையோடு கழுவினாலும் இரண்டாவது அப்படியே இருக்கும். கரி போனபின் தேய்மானம் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். மொழியைச் சுத்தப்படுத்துவது பற்றியும் நடையைச் சுத்தப்படுத்துவது பற்றியும் நம்மிடையே எத்தனையோ விவாதங்கள் நடந்திருக்கின்றன. படிந்ததையும் தேய்ந்ததையும் பிரித்துப் பேசியவர்கள் அவற்றில் சொற்பம்.

அண்ணன் சிரித்துவிட்டு, “அப்ப எங்கதைதான். நான் கழுவிக் கழுவியேதான் ஓடிக்கிட்டிருக்கேன்” என்றார்.

உவமை தானாக வந்து வாசலில் நின்றது. நம்மில் யாரும் அதை உள்ளே அழைத்து உட்கார வைத்திருப்போம். ஆனால் அது இரண்டு அடிக்கு மேல் நடக்காது. அண்ணனுக்கு மாற்ற வழியில்லை. என்னுடையதைக் கொடுக்கத் தயாராக இருந்தேன். அவர் இருதயம் அந்த அறுவையைத் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே கழுவுவது ஒன்றுதான் அவருக்கு உண்டு, கடைசிவரை. நாசிலின் நிலைமை நேர் எதிர்: கழுவினால் போதாது, மாற்ற வழியிருக்கிறது. மேலும், நாசிலில் கழுவப்படுவது நாசில். அண்ணனிடம் கழுவப்படுவது ரத்தம், பழுதான உறுப்பு கழுவப்படுவதில்லை. ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புமை உடையும் இடத்தில்தான் இரண்டு பொருளும் எனக்குத் தெளிவாயின. உடைகிற இடத்தை மறைக்காமல் இருந்தால் உவமைக்கும் உபயோகம் உண்டு என்று தோன்றுகிறது.

ஒப்புமையை விட்டுவிட்டு நிஜமான உறவு ஒன்றைச் சொல்லலாம். நடைமுறைக்கு உதவும் டயாலிஸிஸ் இயந்திரத்தை முதலில் செய்து உபயோகித்தவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு டாக்டர். 1943ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது, காம்பென் என்ற சிறு ஊரின் ஆஸ்பத்திரியில். பொருள் எதுவும் கிடைக்காத காலம். மாமிசப் பண்டத்துக்கு உறையாகப் போடும் செலஃபேன் குழாயை ஒரு சுழலும் உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டார். நிற்கும் குழாயிலிருந்து சுழலும் உருளைக்கு ரத்தம் சிந்தாமல் போக வேண்டும். அந்த இணைப்புக்கு மாதிரி ஒரு ஃபோர்டு காரின் வாட்டர் பம்பிலிருந்து கிடைத்தது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “வாட்டர் பம்புல ஸீல்தான் முக்கியம்” என்றார்.

இன்னொன்றையும் பார்த்தேன். அண்ணனின் இடது முன்கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஊசி குத்துவதற்கு வேண்டிய வேகத்தில் ரத்தம் வருவதற்காக. 1966ல் நியூயார்க் டாக்டர்கள் வெளியிட்ட முறை. அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்கும். அது இருக்கும்வரை குழாய் உயிரோடிருக்கிறது. காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பம்புக்காரர் ஒன்றாம் நாசிலைப் போட்டுவிட்டு, “நீங்களே அழுத்திப் பாருங்கண்ணே, கையிலயே தெரியும்” என்று லீவரை அவரிடம் கொடுத்தார். அண்ணன் வலது கையால் அழுத்தினார். கிர்ர் என்றது. “இது இருக்குது” என்றார். லீவரை விட்டதும் அந்தக் கை இடது முன்கைக்குப் போயிற்று. பார்த்ததை எழுதுகிறேன்; அதற்கு மேல் போக விருப்பமில்லை.

இரண்டு, மூன்று, நாலு மூன்றுக்கும் புது நாசில் போடுவதென்று முடிவாயிற்று. செட்டாகவே மாற்றிவிடலாமே என்றேன். நான்கும் ஒரே மாதிரி தூவினால்தான் எஞ்சின் அலுங்காமல் ஓடும் என்பது எனக்கும் தெரியும். அதற்குப் பம்புக்காரரின் பதில்: ஒரே வயசு வேண்டாம், ஒரே அழுத்தம் வேண்டும். ஒன்றாம் நாசிலின் ஸ்பிரிங்கை இறுக்கி, இறங்கியிருந்த அழுத்தத்தை ஏற்றி, புதிய மூன்றோடு சரிசெய்தார். புதியவற்றில் ஒன்றை டெஸ்டரில் பார்த்துவிட்டுக் கடைக்குத் திருப்பி அனுப்பி வேறு வாங்கிவரச் செய்தார். மாட்டும்போது அடியில் போடும் செப்பு வாஷர்கள் மட்டும் நான்குக்கும் புதிது. ஒரு தடவை நசுங்கிய செம்பு இரண்டாம் தடவை அடைக்காது. மறுநாள் விடியற்காலை ஹீட்டர் போட்டு, இரண்டாவது சுற்றில் நான்கும் பிடித்தன. புகை இல்லை என்று சொல்லமாட்டேன், கண் எரியவில்லை.

இந்த வேலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று பம்புக்காரரிடம் கேட்கவில்லை, அவரே சொன்னார். 1997ல் ஐரோப்பாவில் ஒரு காரில் வந்த காமன் ரெயில் இன்று எங்கும் வந்துவிட்டது. அதில் அழுத்தம் 1,600 கிலோ, 2,000 கிலோ என்று போகிறது. இன்ஜெக்டரைத் திறப்பது மின்சாரம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அதன் குணத்தைச் சொல்லும் எண்வரிசை பொறித்திருக்கும், மாற்றினால் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். கை லீவருக்கு அங்கே இடமில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு டீசலும் மாறிற்று. கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. கந்தகத்தை எடுக்கும் முறையில் எண்ணெயின் வழவழப்பும் போய்விடுகிறது. அதற்கு ஈடாக வேறொன்றை ஆலையில் சேர்த்து அனுப்புகிறார்கள். காற்றுக்கு நல்லது, சந்தேகமில்லை. எங்கள் கார் மாதிரி கார்கள் தெருவில் குறைவது நியாயம்தான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் கரும்புகை விட்டுக்கொண்டு போவதற்கு ஞாபகங்கள் சமாதானமாகா. நாசிலைச் சரியாக வைத்துக்கொள்வது அந்தக் கடனில் கொஞ்சமாவது தீர்ப்பது. பம்புக்காரர் தன் மகனைக் கம்ப்யூட்டர் வைத்த பட்டறை ஒன்றுக்கு வேலை பழக அனுப்பியிருக்கிறார். “ஆனா காதை இங்கதான் பழக்குனேன்” என்றார்.

எட்டு மாதமாயிற்று. வாரத்துக்கு மூன்று போக்குவரத்து. 8,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒன்றாம் நாசில் இன்னும் ஓடுகிறது. தண்ணீரும் தூசியும்தான் ஊசிக்கு எமன் என்று பம்புக்காரர் சொல்லியிருப்பதால், 10,000 வருமுன்பே டீசல் ஃபில்டரை மாற்றிவிட வேண்டுமென்று அண்ணன் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறார். இன்றைக்குப் போய் ஃபில்டர் வாங்கி வரவேண்டும்.